மூடியாச்சு, ஏறி வா

சித்தேரிக் கரை, தாமல் அருகே
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி தினகரனுக்கு,

அக்கா இளவரசி எழுதுவது. நானும் உன் மாமாவும் சௌக்கியம். என் முட்டிவலிக்குத்தான் என்னை விட்டுப் போக மனமில்லை. அந்த மலையில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கம்பளி போட்டுக்கொள்கிறாயா என்று எழுது.

டிரான்ஸ்பர் ஆர்டரை ஒரு வாரம் சட்டைப் பைக்குள் வைத்திருந்து, ஜீப் வந்து நின்ற பிறகு சொன்னவனுக்கு லெட்டர் ஒரு கேடா என்றுதான் இருந்தது. ஆனால் உங்கள் முகாமில் டவர் கிடையாது, வாரத்துக்கு ஒருநாள் லாரியில் தபால் வரும் என்றாய். கூடப் பிறந்துவிட்டாயே, எழுதித் தொலைக்கிறேன்.

அடிப்பாலத்தில் நீ நின்ற இடத்துக்கு ரோடு ஆபீசிலிருந்து இன்னும் ஆள் வரவில்லை. மதகைப் பார்த்துக்கொள்கிற எங்கள் பக்கம் மட்டும் சீனிவாசன் என்று புது ஆபீசர் வந்திருக்கிறார். ஏனாத்தூர் காலேஜில் படித்த பிள்ளை. நல்ல மாதிரி, ஆனால் வாய் சும்மா இருக்காது. "இன்னாம்மா, மதகு திறக்கறதுக்கு எதுக்கு இந்தக் கூச்சல்? ஒரு போன் போட்டா முடிஞ்சுது" என்றார்.

நான் சொன்னேன்: "சார், மதகு நம்ம சர்க்காருது. அதுல போற தண்ணி பெங்களூரு ரோட்டுக்கு அடியில பூந்து போவுது. ரோடும் அடிப்பாலமும் டெல்லி சர்க்காருது. மேல நின்னுக்கினு பாத்தா எனக்கு ரோட்டு மேடுதான் தெரியும். பாலத்துக்குள்ள மழைக்கு ஒதுங்கறவன் இருப்பான், ஆடு மாடு இருக்கும். அதனால அந்தாண்ட அவங்க ஆளு ஒருத்தன் நிக்கணும். நான் மூணு தடவ கூப்பிடுவேன். மூணு தடவையும் பதில் வந்தாதான் மதகு. மழையில டவர் போயிடும், குரல் போவாது."

"அதென்ன மூணு?"

"மொதலு ஆடு மாட்டுக்கு. ரெண்டாவது மனுஷங்களுக்கு. மூணாவது கண்ணுக்குத் தெரியாததுங்களுக்கு. மூணாவதுக்கு பதில் சொன்னவன் அங்கியே நிக்கணும். மதக மூடிட்டு நான் அவன் பேரச் சொல்லி 'மூடியாச்சு, ஏறி வா'ன்னா தான் நகரலாம்."

சிரித்துவிட்டுப் போனார். நாளைக்கு மழை வந்தால் சிரிப்பு எங்கே போகிறது பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
இளவரசி

*

அருணாசலப் பிரதேசம்
2 செப்டம்பர் 2025

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல். முட்டிக்கு ஒத்தடம் கொடு, டாக்டரிடம் போ. இரண்டையும் நீ செய்யமாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இங்கே மலையை வெடிவைத்து உடைத்து ரோடு போடுகிறோம். விடியும்போது பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. எதிரே நிற்கிற ஆள் தெரியாது. குளிரில் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது, வேறொன்றுமில்லை.

டிரான்ஸ்பரைச் சொல்லாததற்கு நீ திட்டியது போதும். நீ மட்டும் ஒழுங்கா? ஜீப் ஏறின அன்று காலையில் மூன்றாம் பதில் சொன்னது நான். நீ கோபத்தில் மதகை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாய். என்னை ஏறி வரச் சொல்லவே இல்லை. சட்டப்படி நான் இன்னும் அடிப்பாலத்து வாயில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். சம்பளத்தை இரண்டு இடத்திலும் வாங்கலாமா என்று கேட்டுச் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தினகரன்

*

சித்தேரிக் கரை
27 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் அனுப்பியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய், படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் தாமல் பெரிய ஏரிப் பக்கம் நல்ல மழை. அங்கிருந்து வடிந்த தண்ணீர் நம் சித்தேரிக்கு வந்துவிட்டது. மதகைக் கொஞ்சம் திறந்தால்தான் கீழத்தெரு பக்கத்துக் கரைக்குப் பாரம் குறையும். கீழே ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். முதலில் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். காலியாக இருந்தது. திரும்பி வந்து மதகில் கை வைத்ததும் பழக்கதோஷத்தில், "கீழே யாரு?" என்று கூப்பிட்டுவிட்டேன்.

பதில் வந்தது.

இரண்டாம் தடவை கூப்பிட்டேன். வந்தது. மூன்றாவதுக்கும் வந்தது. "கால்வாய் காலி, திற."

ரோடு ஆபீஸ்காரர்கள் புது ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று சந்தோஷமாகத் திறந்துவிட்டு, முட்டியை இழுத்துக்கொண்டு மறுபடி சுற்றிப் போனேன். யாருமில்லை. நான் முதலில் வந்துபோன காலடி மட்டும் சேற்றில் இருந்தது.

அடிப்பாலத்துக்குள் புகுந்து வந்தால் எல்லார் குரலும் பானைக்குள் பேசுகிற மாதிரிதான் கேட்கும். ஆணா பெண்ணா என்றுகூடப் பிரிக்க முடியாது. இருந்தாலும் உன் குரல் மாதிரிதான் இருந்தது.

மாமாவிடம் சொன்னேன். "காத்துமா, பாலத்துக்குள்ள ஊதிக்கினு வருது" என்று சொல்லிவிட்டுப் பட்டுக்கடைக்குக் கிளம்பிவிட்டார். காற்று கால்வாய் காலி என்று சொல்லுமா?

பதில் போடு.
அக்கா

*

அருணாசலப் பிரதேசம்
16 அக்டோபர் 2025

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். மிளகு வந்தது. உனக்கும் மாமாவுக்கும் தீபாவளி வாழ்த்துகள். உனக்குப் புடவைக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். அதை மாமா கடையிலேயே வாங்கி அவர் முதலாளியை வாழவைக்காதே.

இங்கே வேலை ஒழுங்காக நடக்கிறது. சாப்பாடு பரவாயில்லை. தொண்டை இன்னும் சரியாகவில்லை. என் கூடாரத்தில் படுக்கிற பிகார் பையன், நான் சில நாள் விடியற்காலையில் எழுந்து போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்துகிறேன் என்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது. நான் என்ன கத்தினேன் என்று கேட்டதற்கு, "திரா, திரா" என்று சொல்லிக் காட்டினான்.

நீ அன்று மதகைத் திறந்தது விடியற்காலையிலா?

சும்மாதான் கேட்டேன்.
தினகரன்

*

சித்தேரிக் கரை
9 நவம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

நலம். விடியற்காலையில்தான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என் கை வரவில்லை, வேறு விஷயம் எழுதுகிறேன்.

கீழே ஆள் போடச் சொல்லி சீனிவாசன் சார் ரோடு ஆபீசுக்கு எழுதினார். இடம் எங்களுடையதுதான், ஆனால் தண்ணீர் உங்களுடையது, நீங்களே ஆள் போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. தண்ணீர் எங்களுடையதுதான், ஆனால் பாலம் உங்களுடையது என்று இவர் திருப்பி எழுதினார். சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி இது நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் கூட்டு ஆய்வு என்று முடிவானது.

போன புதன்கிழமை இரண்டு பக்கத்து ஜீப்பும் வந்தன. ரோடு ஆபீசிலிருந்து ராமலிங்கம் என்று ஒரு பெரியவர். இளநீர் குடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். "எங்க, எப்படிக் கூப்பிடறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார் ராமலிங்கம். பதில் வராமல் இருக்கட்டும், ஆள் இல்லை என்று இவர்கள் கண்ணாலே பார்க்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே கூப்பிட்டேன்.

மூன்றுக்கும் பதில் வந்தது, கணீரென்று.

ராமலிங்கம் சந்தோஷமாக சீனிவாசன் சார் கையைக் குலுக்கினார். "பரவால்லையே சார், உங்க ஆள ஏற்கெனவே நிறுத்திட்டீங்க!" இவர், ரோடு ஆபீஸ்காரர்கள் ரகசியமாக ஆள் போட்டுவிட்டு நாடகம் ஆடுகிறார்கள் என்று நினைத்து, "ஹி ஹி, எல்லாம் உங்க ஒத்துழைப்பு சார்" என்றார். அவர் ஆள் என்று இவர் நினைத்தார், இவர் ஆள் என்று அவர் நினைத்தார். ஏற்பாடு சிறப்பாக நடக்கிறது, புது ஆள் தேவையில்லை என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சார், அந்த போஸ்ட் எப்படி வந்துச்சு தெரியுமா?" என்று கத்தியே விட்டேன். "பத்து வருசத்துக்கு முன்னாடி கீழ நிக்க சர்க்கார் ஆளே கெடையாது. எங்கப்பா மேல கூப்பிடுவாரு, எங்கம்மா கீழ பதில் சொல்லுவாங்க. பெரிய வெள்ளத்தப்போ மூணாவது பதிலும் சொல்லிட்டாங்க. அப்பா மதகத் தெறந்த அப்புறம் கீழத்தெரு பொன்னியம்மாளோட ஆட்டுக்குட்டி உள்ள கத்துதுன்னு பாலத்துக்குள்ள பூந்தாங்க. குட்டி கரையேறிடுச்சு. எங்கம்மா கெடைக்கவே இல்ல. அதுக்கப்புறம்தான் ரெண்டு சர்க்காரும் ஒக்காந்து பேசி அந்த எடத்துக்கு ஆளு போட்டாங்க. எங்கம்மாவக் குடுத்து வாங்கின போஸ்ட் சார் அது!"

இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் கையெழுத்தை யாரும் அடிக்கவில்லை.

அன்று வெள்ளம் வடிந்து அப்பா மதகை மூடியது ஞாபகம் வந்தது. யாரை ஏறி வரச் சொல்வது என்று வாயடைத்து நின்றாரே. உடம்பு கிடைக்காமல் காரியம் செய்யமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து அவரும் போய்ச் சேர்ந்தார்.

கனமழை வரும் என்கிறார்கள். கீழத்தெருவில் எல்லோரும் கரையைப் பார்த்துக்கொண்டே படுக்கிறார்கள். உன் தொண்டை எப்படி இருக்கிறது?

அக்கா

*

அருணாசலப் பிரதேசம்
21 நவம்பர் 2025

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் இல்லை, மன்னித்துவிடு. நீ கூட்டு ஆய்வு என்று எழுதியிருக்கிற அந்தப் புதன்கிழமையோடு என் பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. ராணுவ டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றுமே இல்லை என்கிறார். கால் மட்டும் எந்நேரமும் சில்லென்று இருக்கிறது. சாக்ஸைக் கழற்றினால் விரலெல்லாம் தண்ணீரில் ஊறியது மாதிரி சுருங்கியிருக்கிறது. இங்கே தண்ணீரே இல்லை, வெறும் பாறை.

நீ கூப்பிடுவது எனக்குக் கேட்கிறது. விளையாட்டாகச் சொன்னது இப்படி ஆகிவிட்டது.

என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடு அக்கா. நான் ஏறி வந்துவிட்டால் கீழத்தெருவுக்கு யார் பதில் சொல்வது என்று நீ யோசிப்பாய். நானும் அதை யோசித்துத்தான் இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன். இனிமேல் முடியவில்லை.

தினகரன்

*

சித்தேரிக் கரை
9 டிசம்பர் 2025

என் தங்கமே,

உன் லெட்டர் வந்த அன்றே கரைக்கு ஓடினேன். மதகு மூடித்தான் இருந்தது. கீழத்தெருவையும் ஒருமுறை பார்த்தேன். பொன்னியம்மாள் வீட்டுக் கூரையில் புகை வந்துகொண்டிருந்தது. அதற்குமேல் யோசிக்காமல், "தினகரா, மூடியாச்சு, ஏறி வா" என்று கூப்பிட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. தவளைச் சத்தம்கூட நின்றுபோய் அப்படி ஒரு அமைதி. நீ கிளம்பிவிட்டாய் என்று தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியெல்லாம் தண்ணீர் ஊறிவிட்டதாம். நம் ஏரி ததும்பியது. கீழத்தெருக் கரையில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. காலையில் சீனிவாசன் சாரும் ராமலிங்கமும் நனைந்துகொண்டு ஓடி வந்தார்கள். இந்த முறை பதில் வராது, கீழே ஆள் இல்லை என்பது இவர்களுக்குப் புரியும், ஓடிப் போய்ப் பாலத்தைப் பார்த்துவரச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

கூப்பிட்டேன். பதில் வந்தது.

இரண்டாவதுக்கும் வந்தது. மூன்றாவதுக்கு மட்டும் வேறு மாதிரி வந்தது. "இரு. திறக்காதே. ஆளு இருக்குது."

"கரை ஒடைஞ்சிடும்மா, தெறம்மா!" என்று சீனிவாசன் சார் கத்தினார். மதகுச் சக்கரத்தின்மேல் படுத்துக்கொண்டேன். "என்னத் தூக்கிப் போட்டுட்டுத் தெறங்க" என்றேன். ராமலிங்கம்தான், "இரும்மா, நான் பாக்கறேன்" என்று ரோட்டு மேட்டில் ஏறி இறங்கி ஓடினார்.

பாலத்துக்குள் வடக்கத்தி ரோடு வேலைக்காரர்கள் குடும்பத்தோடு மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். ஒருத்தி கையில் பால் குடிக்கிற குழந்தை. எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றின பிறகு மறுபடி கூப்பிட்டேன். மூன்றுக்கும் பதில் வந்ததும் மதகைத் திறந்தேன். கரை நின்றது. கீழத்தெரு பிழைத்தது.

ராமலிங்கம் திரும்பி ஓடி வந்தார். "சார், கீழ உங்க ஆளு யாருமே இல்லையே" என்றார். "உங்க ஆளு இல்லியா சார்?" என்றார் சீனிவாசன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏரியைப் பார்த்தேன்.

மதகு இன்னும் திறந்துதான் இருக்கிறது, தண்ணீர் வடிய நாளாகும். உன் குரல் வந்ததா இல்லையா, அதை முதலில் எழுது. கூப்பிட்ட பிறகும் நீ ஏன் அங்கே நிற்கிறாய்?

அக்கா

*

அருணாசலப் பிரதேசம்
21 டிசம்பர் 2025

அன்பு அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நிஜமாகவே நன்றாக இருக்கிறேன். இந்த மாத ஆரம்பத்தில் ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தவன், தும்மினேன், குரல் வந்துவிட்டது. பிகார் பையன் லட்டு வாங்கிக் கொடுத்தான். கால் காய்ந்துவிட்டது. அன்றிலிருந்து நீ கூப்பிடுவது எனக்குக் கேட்கவில்லை.

மழையன்று பதில் சொன்னது நான் இல்லை. "இரு" என்று நான் சொல்லவே இல்லை.

நான் அங்கே நின்றபோதும் தனியாக நின்ற மாதிரி இருக்கவில்லை. உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று எழுதாமல் விட்டேன். நீயும் ஏதோ ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறாய். உன் கோபம் எனக்குத் தெரியும், உன் மௌனமும் தெரியும். முதல் நாளே அந்தக் குரல் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டது?

தினகரன்

*

சித்தேரிக் கரை
20 ஜனவரி 2026

அன்புத் தம்பிக்கு,

நானும் மாமாவும் நலம். பொங்கல் முடிந்தது. பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்குத் திட்டிக்கொள்.

முதலில் நல்ல செய்தி. ராமலிங்கமும் சீனிவாசன் சாரும் மழைக்குப் பிறகு அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டார்கள். ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் மறுநாளே கையெழுத்துப் போட்டார். பாதிச் சம்பளம் டெல்லி, பாதி நம் சர்க்கார் என்று கீழே நிரந்தரமாக ஆள் போட்டாகிவிட்டது. காசிநாதன் என்று பெயர். தென்னேரிக்காரர், இந்தப் பக்கத்துக் கதை ஒன்றும் தெரியாதவர்.

இனி நீ கேட்டது. அந்தக் குரல் முதல் நாளே, "கால்வாய் காலி, இளா, திற" என்றது. அந்த 'இளா'வை மட்டும் உனக்கு எழுதாமல் விட்டேன். என்னை அப்படிக் கூப்பிட்டவள் ஒருத்திதான். உனக்கு உன் குரல் மாதிரி என்று எழுதினேன். நீயாக இருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பிவிடலாம். அம்மாவாக இருந்தால் நான் கூப்பிட்டதும் போய்விடுவாளே. பத்து வருஷம் கழித்துக் கிடைத்தவளை எப்படிடா போகச் சொல்வது? மழை இல்லாத நாளிலும் கரைக்குப் போய் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டு வருவேன். யாரைக் கூப்பிட்டாலும் அந்தக் குரல் நின்றுபோகுமோ என்று பயந்து உன்னையும் குளிரில் நிறுத்திவைத்துவிட்டேன்.

நேற்று தண்ணீர் வடிந்ததும் மதகை மூடினேன். காசிநாதன் கீழே நின்றிருந்தார். அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால், அப்பா சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். "அம்மா, மூடியாச்சு, ஏறி வா." பதில் இல்லை. பிறகு காசிநாதனைக் கூப்பிட்டேன்.

அவர் ரோட்டு மேட்டைச் சுற்றிக் கரைக்கு வந்து பீடியைப் பற்றவைத்தார். "ஏம்மா, எனக்கு முன்னாடி ஒரு பெரியம்மா ஏறிப் போனாங்களே, யாரு அது? சீலைய பிழிஞ்சிக்கினே போனாங்க. 'ஆட்டுக்குட்டி வந்துச்சா'ன்னு கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"கரையில நாலு ஆடு மேஞ்சிக்கினு இருந்துச்சு. வந்துடுச்சும்மா, தோ மேயுது பாருன்னேன். சரிப்பான்னு போயிட்டாங்க."

நான் எதையும் பார்க்கவில்லை. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கரைமண் கொஞ்சம் ஈரமாக இருந்தது. இன்று காலையில் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரும் பதில் சொல்லவில்லை.

லீவு கேட்டுக்கொண்டு வா. இந்த முறை சொல்லிவிட்டு வா. அம்மாவுக்குக் காரியம் செய்துவிடலாம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
இளா